அறைக்குள்ள மட்டும்

மார்ச் 4

அன்புள்ள அண்ணனுக்கு (இப்பவும் அன்புதான், என்ன பண்ண!!),

போன்ல உன்னை பிளாக் பண்ணிட்டேன், அதான் லெட்டர். "கூடப்பிறந்த அண்ணன் மேலயே கேஸா?"ன்னு எல்லாரும் கேக்கறாங்க. நீயே சொல்லு! என் பையன் யார்கிட்ட வளரணும்கற விசாரணை புதன்கிழமை. என் வக்கீலே நீதான், நீ வியாழன்னு சொன்ன. புதன் காலையில ஞாபகம் வந்து நீ கோர்ட்டுக்கு ஓடியிருக்க. நான் ஃபாக்டரிக்குள்ள, போன் லாக்கர்ல. ஷிஃப்ட் முடிஞ்சு திறந்தா உன் மிஸ்டு காலா கொட்டிக் கிடக்கு. அதுக்குள்ள "தாய் வரவே இல்லை"ன்னு பையனை அவங்க அப்பாகிட்ட கொடுத்தாச்சு. மறுவிசாரணை மனுவாவது ஒழுங்காப் போட்டியா? கெடு முடிஞ்சப்புறம் போட்ட!

வியாழனுக்குன்னு இஸ்திரி போட்ட சட்டை இன்னும் ஹேங்கர்ல தொங்குது.

நஷ்டஈடு வேணாம்ணா. பையன்கிட்ட சொல்லு: "அம்மா மேல தப்பில்லடா, மாமாதான் தேதியைத் தப்பாச் சொல்லிட்டேன்." அவ்ளோதான்! கேஸை வாபஸ் வாங்கிடறேன்.

குட்டிப்பிசாசு

மார்ச் 11

குட்டிப்பிசாசுக்கு,

திட்டுதான் வரும்னு தெரியும். ஆனாலும் உன் கோழிக்கிறுக்கலைப் பார்த்ததும் சந்தோஷம். வெளியில தப்பை ஒத்துக்கிட்டா, வக்கீல் தப்புக்கு நஷ்டஈடு கட்டற இன்சூரன்ஸ்காரங்க என்னைக் கைகழுவிடுவாங்க, நான் நடுத்தெருதான். சமரச மையத்துக்கு வா. அங்க ஜட்ஜ் கிடையாது, மத்தியஸ்தர் அம்மா ஒருத்தர் நடுவுல இருப்பாங்க. பேசறது அறையைத் தாண்டாது, மனசு விட்டுப் பேசலாம். எல்லாம் சரி பண்ணிடலாம். நேரத்துக்குச் சாப்பிடு.

அண்ணன்

ஏப்ரல் 2

அண்ணா!!

நேத்து எப்படி அழுத நீ! தேதி, கெடு, எல்லாத்தையும் ஒத்துக்கிட்ட. மத்தியஸ்தர் அம்மா டிஷ்யூ டப்பாவையே உன் பக்கம் தள்ளிட்டாங்க, எனக்கு ஒண்ணுகூட மிச்சம் வைக்கல. மனசு இளகி ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டுட்டேன்.

வீட்டுக்கு வந்துதான் முழுசாப் படிச்சேன். "யாரும் தவறை ஒப்புக்கொள்ளவில்லை. அறையில் பேசியதை இருவரும் எவரிடமும் சொல்லக் கூடாது." எவரும்னா என் பையனுமா? ஞாயித்துக்கிழமை அவன் வரான். நீயும் வாயேன், அஞ்சே நிமிஷம். ப்ளீஸ்ணா.

குட்டிப்பிசாசு

ஏப்ரல் 5

பாப்பா,

நான் வரல. அவன் அப்பாகிட்ட சொல்லுவான், அவர் அவங்க வக்கீல்கிட்ட சொல்லுவார், அப்புறம் என் தொழிலே போயிடும். கையெழுத்து நீயும்தானே போட்ட? பெரியவனானா அவனே புரிஞ்சுக்குவான். விட்டுடும்மா.

அண்ணன்

ஏப்ரல் 13

வக்கீல் சார் அவர்களுக்கு,

ஞாயித்துக்கிழமை பையன் வந்தான். முன்பல் விழுந்திருக்கு. வழக்கம்போலக் கேட்டான்: "அன்னிக்கு நீ ஏம்மா வரல?"

நான் ஒப்பந்தத்தை மீறல. "மறந்துட்டேன்டா"ன்னு சொல்லிட்டேன்.

"தெரியும். மாமா அன்னிக்கே சொன்னாரு"ன்னான்.

அவங்க அப்பாகூட வந்தவனுக்குக் கோர்ட் வராண்டாவுல ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்து, "அம்மா மறந்துட்டாங்க, நீ அழாத"ன்னு சொன்னீங்களாமே.

அவ்வளவு அழுதீங்க. இதை மட்டும் அறைக்குள்ளயும் சொல்லல.

ஐஸ்கிரீம் நல்லா இருந்துச்சாம்.

இப்படிக்கு,
தங்கள் முன்னாள் கட்சிக்காரர்