உறைமேல் என் பெயர்

ரங்கூன், ஜூலை 1931

அன்புள்ள சவுரிக்கு,

ஆண்டவர் கிருபையால் நான் சுகம். நீ சுகமா? அம்மாவுக்கு மூட்டுவலி குறைந்ததா?

சனிக்கிழமை நான் வேலை செய்யும் கிளப்பின் ஏரியில் நடந்த துரைமாரின் பாய்ப்படகுப் பந்தயத்தில், எல்லைக்கொடி பிடித்து நின்ற என் ஓடம் மழையில் கவிழ்ந்தது. யாரும் பார்க்கவில்லை. பயப்படாதே, ஏரித் தண்ணீர் நம்மூர் தோல் பதனிடும் தொட்டியைவிடச் சுத்தம். கவிழ்ந்த ஓடத்தை விட்டு நீந்தக்கூடாது என்பது கிளப் சட்டம்; கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

பந்தயம் முடிந்ததும் கரையில் எல்லார் பெயரையும் கூப்பிடுவார்கள். பதில் வராவிட்டால் தேடப் படகு போகும். “அருளப்பா! எங்கப்பா கீற?” என்று கூவிக்கொண்டே ஆம்பூர் மேஸ்திரி வந்து தூக்கினார். மற்ற நாளில் இங்கே எல்லாருக்கும் நான் ‘டேய்’தான்.

மிளகாய்ப்பொடியும் கெட்டி வேட்டி ஒன்றும் அனுப்பு. தபாலுக்கு நேரமாகிவிட்டது.

புருஷன் பெயரைச் சொல்லமாட்டாய், தெரியும். உறைமேல் எப்போதும் உன் தம்பிதான் எழுதுகிறான். இந்தத் தடவை நீயே எழுது, சவுரி.