கீழே இறங்கினால் தெளியும்

8-5-1980
எழுத்து கோணலாகப் போகிறது, பொறுத்துக்கொள்ள வேண்டும். யாரிடம் சொல்கிறேன்? படிக்கப் போவது நான்தானே! ஏர் பிடித்த கை. ஒரு வரி எழுதுவதற்குள் வெற்றிலை போட்டு முடித்துவிடுகிறேன். இருந்தாலும் நானே எழுதுகிறேன்! முதியோர் பள்ளியில் சொல்லிக் கொடுத்தவள் அன்னக்கொடி, என் மனைவி சீனியம்மாளின் தம்பி சங்கிலியின் மகள். என் மகன் முத்திருளனுக்கு அவளைத்தான் பேசியிருக்கிறது.

11-5-1980
முத்திருளன் பட்டாளத்திலிருந்து லீவில் வந்துவிட்டான். லடாக்கில் பனிமலை உச்சியில் காவல். இளைத்திருக்கிறான். மீசை நன்றாக இருக்கிறது.

14-5-1980
வம்பு. முந்தாநாள் சங்கிலி வீட்டில் கறி விருந்து. முத்திருளன் வயிறாரச் சாப்பிட்டான், கை கழுவினான், திரும்பி வந்து பாயில் உட்கார்ந்து, "மாமா, சாப்புடலாமா?" என்றான்.

சங்கிலிக்கு முகம் செத்துவிட்டது. "மச்சான், இவனுக்கு மண்டையில என்னமோ ஆயிருச்சு. எம்பிள்ளையக் குடுக்க மாட்டேன்."

முத்திருளன் விளக்கினான். "அங்க காத்து கம்மி மாமா. மூளைக்குப் பத்தாது. மறதி வரும், தூக்கம் வராது. கீழ இறங்குனா மெல்லத் தெளிஞ்சிரும்னு டாக்டரே சொன்னாரு."

"மலை ஏறுனா மூளை மந்தமாகுமாக்கும்! நல்ல கதைடா!"

அன்னக்கொடி அழவில்லை. நேற்றுப் பள்ளியில் என் எழுத்தில் மட்டும் அதிகமாகத் தப்புக் கண்டுபிடித்தாள்.

19-5-1980
தூக்கமில்லை. எனக்குத்தான். முத்திருளன் நன்றாகத் தூங்குகிறான்.

23-5-1980
சங்கிலியைச் சமாதானமாகக் கூப்பிட்டு அழகர்மலைக்குப் போனேன். மேலே ராக்காயி தீர்த்தத்தில் குளித்ததும் அவனுக்கு மனம் குளிர்ந்துவிட்டது. "நீ எங்கக்கா புருசன். உன்ன விட்டுக்குடுப்பனா? வைகாசிக்குள்ள முடிச்சிருவோம் மச்சான்" என்றான்.

அடிவாரம் வந்ததும் மாற்றிப் பேசுகிறான்!

"மேல மூச்சு வாங்குச்சு, தல கிறுகிறுத்துச்சு. என்னமோ உளறிட்டேன்."

"இப்பத் தெளிஞ்சிருச்சா மாப்ள?"

"நல்லாத் தெளிஞ்சிருச்சு."

"அப்ப வா. கருப்பன் கதவு முன்னால நின்னு இதையே சொல்லு. மலையில கலங்குன மூளை, கீழ வந்தா தெளியும்னு."

அடிவாரக் கோயிலின் காவல் தெய்வம் பதினெட்டாம்படிக் கருப்பன்; சிலை கிடையாது, கதவுதான் சாமி. அவன் முன்னால் எங்கள் பக்கத்து ஆள் எவனும் சொல் மாறமாட்டான். சந்தனம் பூசிய கதவைச் சங்கிலி வெகுநேரம் பார்த்தான். தான் சொன்னது நிசமென்றால் முத்திருளன் சொன்னதும் நிசம். பொய்யென்றால் மேலே கொடுத்த வாக்கு நிற்கும்.

"வைகாசியே இருக்கட்டும்" என்றான். வழியெல்லாம் எனக்குச் சிரிப்பை அடக்குவதுதான் பெரும்பாடு.

8-6-1980
கல்யாணம் முடிந்தது! முதல் பந்தியில் சாப்பிட்டுக் கை கழுவிய சங்கிலி, சந்தோசத்தில் இரண்டாம் பந்தியிலும் வந்து உட்கார்ந்தான். முத்திருளன் பணிவாக, "மாமா, இது எத்தனாயிரம் அடி உசரம்?" என்றான். பந்தியே சிரித்தது. சங்கிலிதான் அதிகம் சிரித்தான்.

29-6-1980
நாலு நாளில் முத்திருளன் மறுபடி மேலே போகிறான். "சாப்பிட்டதும் தட்டக் கவுத்து வைங்க. கவுந்திருந்தா சாப்டாச்சுன்னு அர்த்தம்" என்று அன்னக்கொடி சொல்லிக் கொடுக்கிறாள். அவன் தலையாட்டுகிறான். இந்த வீட்டில் இப்போது அவளுக்கு இரண்டு மாணாக்கர்.

அவனை ரயிலேற்றிவிட்டு வந்தபின், அடுத்த வாரம் எழுதுகிறேன். அன்றைக்கு எழுத்து இன்னும் கோணலாக இருக்கும்.