திறந்து கிடந்த வைஃபை

ஆவணி 13, சனி

காலையிலிருந்தே புழுக்கம். மலை மேல் மேகம், கீழே ஒரு சொட்டு இல்லை. பௌர்ணமிக் கூட்டம் நேற்றோடு போயிற்று. வாசல் முழுக்கக் காகிதக் கப். இரண்டு முறை பெருக்கியாகிவிட்டது.

செய்ய வேண்டியவை: கல்பனா ரவிக்கைக்கு லைனிங் வெட்ட. மெஷினுக்கு எண்ணெய். மாவு.

பக்கத்து வீட்டுக் கல்பனாவுக்குச் சின்னப் பிள்ளையிலிருந்து நான்தான் தைக்கிறேன். வரும் வெள்ளி நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை ஆரணி. பட்டு ரவிக்கை, ஜன்னல் கழுத்து.

மதியம் ஸ்டேஷனிலிருந்து போன். வீட்டுக்காரரைக் கூப்பிட்டார்கள். யாரோ 'பழைய நண்பன்' என்ற பெயரில் ஆரணி மாப்பிள்ளைக்கு மெசேஜ் அனுப்புகிறானாம். 'கல்பனா என்னோடு பழகியவள், உனக்கு எதற்கு' என்று. கூடவே அவள் போட்டோ. எல்லாம் எங்கள் வீட்டு நெட்டிலிருந்து போயிருக்கிறது என்கிறார் எஸ்.ஐ.

எங்கள் வீட்டிலிருந்து!

அவர் போனை அங்கேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். புதன்கிழமை திரும்ப வரச் சொன்னார்களாம். வந்து உட்கார்ந்தவர் சட்டையைக்கூடக் கழற்றவில்லை.

"பௌர்ணமிக்குத் தொறந்து விட்டது மல்லிகா. பூட்ட மறந்துட்டேன்."

கூட்டத்தில் டவர் செத்துவிடும். கிரிவலம் வருகிறவர்கள் வீட்டுக்குப் பேச முடியாது, கடையில் போனில் பணம் அனுப்ப முடியாது. அதனால் வாசலில் மோர்ப்பானை வைக்கிற மாதிரி வைஃபைக்குப் பாஸ்வேர்டை எடுத்துவிடுவார். புண்ணியமாம். ஆடிப் பௌர்ணமிக்கு எடுத்தது, திரும்பப் போடவே இல்லை. மாதம் முழுக்கத் தெருவுக்கே திறந்த வீடு.

நம்பினேன். நம்பினேன் என்றுதான் எழுதுகிறேன்.

ஆவணி 14, ஞாயிறு

தூக்கம் இல்லை. கண் எரிச்சல்.

இந்தச் சனியனைப் பூட்டச் சொன்னேன். அவர் உட்கார்ந்து பாஸ்வேர்ட் (இனி பா.வே., கை வலிக்கிறது) போட்டார். அரைமணியில் எதிர் டீக்கடைக்காரர் மறுபடி எங்கள் நெட்டில் படம் பார்க்கிறார். என்ன போட்டீர்கள் என்றேன். ஓம் நமசிவாய. கிரிவலப் பாதையில் அதைப் போடாத வீடு எது? டீக்கடைக்காரர் முதல் தடவையே அடித்துவிட்டார். சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

கேபிள்காரருக்குப் போன். ரூட்டருக்குள் போக வேறொரு பா.வே. இருக்கிறதாம்.

"எல்லா வீட்டுக்கும் ஒரே பாஸ்வேர்டுதாங்க்கா. எங்களுக்கு ஞாபகம் வெச்சிக்க ஈசி."

நல்லா இருக்கிறது கதை.

சாயங்காலம் சரோஜா வந்தாள். கல்பனாவின் அம்மா. உள்ளே வரவில்லை, படியிலேயே நின்றாள். கூட அவள் தம்பி முரளி. அக்கா வீட்டு மாடியில்தான் ஜாகை, செங்கம் ரோட்டில் ஒரு லாட்ஜில் வேலை. தாய்மாமன் முறைக்கு முரளிக்கே கல்பனாவைக் கொடுப்பதாக ஒருகாலத்தில் பேச்சு. பெண் முடியாது என்றாள், அதோடு விட்டது. பாவம், இப்போது நிச்சயத்துக்குப் பந்தல்காரனைத் தேடி அலைகிறவனும் அவன்தான்.

"அண்ணன் போனை வாங்கின நேரத்திலேர்ந்து ஒரு மெசேஜும் வரலியாம் மல்லிகா," என்றாள்.  

முரளிதான், "அண்ணன் அப்படிப்பட்டவரு இல்ல, நீ சும்மா இரு அக்கா," என்று அவளை அழைத்துப் போனான்.

அவர் மாடியில் போனும் கையுமாக நின்ற சாயங்காலங்கள் எல்லாம் ஞாபகம் வருகின்றன. தன் அண்ணனிடம் பேசினதாகச் சொல்வார். நான் கேட்டதில்லை. இப்போது கேட்கப் பயமாக இருக்கிறது.

ஆவணி 15, திங்கள்

லேசான தூறல். மண் நனையவில்லை.

ரூட்டரை நானே பூட்டினேன். யூடியூபில் ஒரு பெண் சொல்லித்தருகிறாள், நல்ல நிதானம். நிறுத்தி நிறுத்திப் பார்த்துச் செய்தேன்.

– உள்ளே போகிற பா.வே. மாற்றியாயிற்று. கேபிள்காரர் இனி ஞாபகம் வைக்க வேண்டாம்.
– பழைய பூட்டு முறையிலிருந்து புதியதுக்கு. இனி நடுவில் யாரும் எட்டிப் பார்க்க முடியாதாம்.
– பட்டனை அழுத்தினால் சேர்த்துக்கொள்கிற வசதி: அணைத்தேன்.
– வீட்டு நெட் தனி, விருந்தாளி நெட் தனி.

வீட்டு பா.வே. என் கல்யாண ரவிக்கையின் அளவுகள், நடுவில் எங்கள் ஊர்ப் பெயர். அந்த அளவு இப்போது எனக்கே கிடையாது, யார் கண்டுபிடிப்பார்கள்.

அவரிடம் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. போனே இல்லாதவர் எதற்குக் கேட்பார்? கேட்காததை வைத்து நல்லவர் என்று சொல்ல முடியாது, கெட்டவர் என்றும் முடியாது. ரசம் வைத்தேன். உப்பு ஜாஸ்தி. பேசாமல் சாப்பிட்டார். அதைப் பார்த்ததும் அழுகை.

ஆவணி 16, செவ்வாய்

வெயில். நெட் போச்சு என்று தெருவே வாசலில். டீக்கடைக்காரர், இட்லி அம்மா, ஆட்டோ ஓட்டுகிற பாஷா, காவி கட்டின சாமியார் ஒருத்தர் (அவருக்கு எதற்கு இவ்வளவு பெரிய போன்?).

விருந்தாளி நெட் தருகிறேன், ஆனால் பா.வே. வாயால் சொல்ல மாட்டேன். போனை வாங்கி நானே போட்டுத் தருகிறேன். பாஷா, "பேங்க் லாக்கர் மாதிரி பண்றீங்களே," என்றார்.

ஆரணிக்காரர்கள் வெள்ளிக்கிழமை வருவதாக இன்னும் உறுதி சொல்லவில்லை. கல்பனா பாடம் நடத்தப் போகவில்லை, பள்ளிக்கூடத்துக்கு லீவு. ஜன்னல் சாத்தியே இருக்கிறது. ரவிக்கையில் கை மட்டும் பாக்கி. தைக்கவா வேண்டாமா? தைத்தேன்.

ஆவணி 17, புதன்

காற்று. துணி எல்லாம் தரையில்.

அவர் காலையிலேயே ஸ்டேஷனுக்குப் போய்விட்டார். போகும்போது, "நீ என்னை நம்புறியா?" என்றார். மெஷினில் நூல் கோத்துக்கொண்டிருந்தேன். ஊசி ஓட்டை தெரியவில்லை. "சீக்கிரம் வாங்க," என்றேன். அது பதில் இல்லை என்று அவருக்கும் தெரியும்.

பதினொரு மணி இருக்கும், முரளி வந்தான்.

"அண்ணி, டேட்டா தீந்துடுச்சு. நேத்துலேர்ந்து ஒன்னுமே வரல. எனக்கும் போட்டுக் குடுங்க."

எல்லோரையும் போலக் கையை நீட்டினேன். எல்லோரையும் போலக் கொடுத்தான். போட்டேன். சேர்ந்தது. சேர்ந்ததும் தேங்கி இருந்ததெல்லாம் டிங் டிங் என்று வரிசையாக விழுந்தது. மேலே ஒன்று. 'பழைய நண்பன்' கணக்குக்கு ஆரணி மாப்பிள்ளையின் பதில். "யாருடா நீ? தைரியம் இருந்தா நேர்ல வா."

இரண்டு முறை படித்தேன். நிமிர்ந்தேன். அவன் என் முகத்தைப் பார்த்துவிட்டான்.

எப்படி உள்ளே வந்தேன், எப்படித் தாழ்ப்பாள் போட்டேன், தெரியவில்லை. என் போனில் ஸ்டேஷனுக்குப் பேசினேன். "யார் கையிலயும் குடுக்காதீங்கம்மா, உங்க வீட்டுக்காரரையும் கூட்டிக்கிட்டு வர்றோம்," என்றார் எஸ்.ஐ.

முரளி போன் என் மடியில், ரவிக்கைக்கு அடியில். ஹூக் வைக்க முடியவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். அவர் வந்ததும் வீட்டு பா.வே.-ஐச் சொல்லிவிட வேண்டும். கேட்பதற்கு முன்பே.

கதவைத் தட்டுகிறான். "அண்ணி, போனைக் குடுங்க. அண்ணி. அக்காவுக்குத் தெரிய வேணாம்."

இப்போது சரோஜா குரல்.

"இன்னாடா இங்க நிக்கிற? மல்லிகா, இன்னாத்துக்குக் கதவைச் சாத்திகினு கீற?"

தட்டுவது நின்றுவிட்டது.

திறக்கப் போகிறேன். அவளுக்கு மட்டும்.