கிடங்குக் காவலரைப் பற்றி நான் சொன்ன பொய்யை ரத்து செய்ய வேண்டுதல்

அனுப்புநர்:
டைல்ஸ் கடை உரிமையாளர்,
பேருந்து நிலையச் சாலை.

பெறுநர்:
கல்வி அலுவலர் அவர்கள்,
முன்னாள் படைவீரர்களை ஆசிரியராக்கும் திட்டப் பிரிவு.

பொருள்: என் கிடங்குக் காவலரின் பெயரைத் தேர்வுப் பட்டியலில் மீண்டும் சேர்க்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இது புகார் மனு. புகார் என் மீதுதான்.

2. என் கிடங்கைக் காவல் காப்பவர் பதினேழு ஆண்டுகள் பீரங்கிப் படையில் இருந்தவர். கோணமும் தூரமும் கணக்கிட்டவர். பின்பு புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அதையே கற்பித்தவர். தங்கள் எழுத்துத் தேர்விலும் மாதிரி வகுப்பிலும் தேறினார். நடத்தை விசாரணை மட்டும் பாக்கி இருந்தது.

3. அதற்காகத் தங்கள் எழுத்தர் என் கடைக்கு வந்தார். நான் சொன்னது இது: "ஆள் நாணயமானவர்தான் சார். ஆனா பட்டாளத்து ஆளு பாருங்க, கை முந்திக்கும். சின்னப் பிள்ளைங்ககிட்ட விடறதுன்னா நல்லா யோசிச்சுக்கங்க." அவர் எழுதிக்கொண்டார். பெயர் நீங்கியது.

4. நான் சொன்னது பொய். என்னிடம் இருந்த நான்கு ஆண்டுகளில் அவர் குரல் உயர்ந்துகூட நான் கேட்டதில்லை. எங்கள் சுமை தூக்குபவர்களில் மூத்தவர் அடுக்கை ஒவ்வொரு பெட்டியாகத்தான் எண்ணுவார். அவரைத் தரையில் உட்காரவைத்து, டைல்ஸை வரிசை வரிசையாகப் பரப்பி, பெருக்கக் கற்றுக்கொடுத்தார் காவலர். எத்தனை முறை தப்பினாலும், "பரவாயில்லண்ணே, மறுபடி மொதல்லேர்ந்து" என்பார். இன்று அந்த மூத்தவர் அறையின் நீள அகலத்தைக் கேட்டதும், எத்தனை பெட்டி வேண்டுமென்று வாடிக்கையாளரிடம் எனக்கு முந்திச் சொல்லிவிடுகிறார்.

5. வெறுங்கையோடு வந்து இந்தக் கடையைப் பிடித்தவன் நான். ஒரு சரக்கு எனக்கு வேண்டுமென்றால், அடுத்தவர் காதுபட அதைக் குறை சொல்வேன். அவர் விலகிப்போவார், சரக்கு எனக்கு நிற்கும். சாவியை நம்பிக் கொடுக்க இப்படி இன்னொருவர் கிடைக்கமாட்டார் என்ற பயத்தில், அதே வேலையை ஒரு மனிதரிடமும் காட்டிவிட்டேன்.

6. நிராகரிப்புக் கடிதத்தை அவர் என்னிடம்தான் கொண்டுவந்தார். "நான் கை நீட்டுவேன்னு யாரோ சொல்லியிருக்காங்க மொதலாளி. நான் யாரை அடிச்சேன்?" என்றார். "மொதல்ல டீயைக் குடிங்க" என்றேன். அவர் குடித்துவிட்டு வேலைக்குப் போனார்.

7. பயிற்சி தொடங்கப் பன்னிரண்டு (அடித்துத் திருத்தப்பட்டது) பதினோரு நாளே உள்ளது. அடுத்த அணிக்குள் அவர் வயது வரம்பைத் தாண்டிவிடுவார். ஆகவே எழுத்தரிடம் நான் சொன்ன வாக்குமூலத்தை நீக்கி, அவரை இந்த அணியிலேயே சேர்க்குமாறு பணிந்து கேட்கிறேன். சுமை தூக்குபவர்கள் நால்வரும் சாட்சி சொல்ல வருவார்கள். என் மீது எந்த நடவடிக்கை எடுத்தாலும் சரி; அது முடியும்வரை அவரைக் காக்கவைக்க வேண்டாம்.

8. அனுப்புமுன், இதுவரை எழுதியதை அவரிடம் படிக்கக் கொடுத்தேன். நின்றபடியே இரண்டு முறை படித்தார். திட்டவில்லை. என் பேனாவை வாங்கி ஏழாவது பத்தியில் நாள் கணக்கை மட்டும் திருத்தினார். "இன்னிக்கு நாளைச் சேர்க்கக் கூடாது மொதலாளி" என்றார். பிறகு கிடங்குச் சாவியை மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

இனி அவரால் எனக்கு ஆதாயம் ஒன்றுமில்லை. ஆகையால், இப்போது நான் சொல்வதைத் தாங்கள் நம்பலாம்.

இடம்: கிடங்கு
நாள்: பயிற்சி தொடங்கப் பதினோரு நாள் முன்பு

தவறிழைத்தவன்,
(கையொப்பம்)
டைல்ஸ் கடை உரிமையாளர்