அப்பா நடித்த காட்சி

ஞாயிறு, இரவு

நான் சினிமா படிக்கச் சேர்ந்ததிலிருந்து அப்பா என்னோடு சரியாகப் பேசுவதில்லை. இன்று திருவண்ணாமலை கிரிவலப் பாதையில், அடி அண்ணாமலையில் என் குறும்படத்துக்கான படப்பிடிப்பு. மகளின் படிப்பை நிறுத்தும் தகப்பனாக நடிக்க வேண்டியவர் வரவில்லை. சாப்பாடு கொண்டுவந்த அப்பாவையே கெஞ்சி நடிக்க வைத்தேன்.

"நாளையிலேருந்து காலேஜ் கிடையாது!" என்று அவர், மகளாக நடித்த என் தோழி கவிதாவிடம் கத்தினார். கிரிவலம் வந்த ஓர் அம்மா நிஜமென்று நம்பிக் குறுக்கே புகுந்துவிட்டார்.

"ஏங்க திட்டறீங்க? பொண்ணு படிக்கட்டும், விடுங்க!"

அப்பா என்னைப் பார்த்தார். "சரிங்கம்மா, படிக்கட்டும்" என்றார். எனக்கு வந்த சிரிப்பில் கேமரா ஆடிவிட்டது. பிறகு வசனப்படி மறுபடி எடுத்தோம்.

வண்டியில் திரும்பும்போது அப்பா தானாகவே பேசினார்: "அந்தம்மா வந்தாங்களே, அதையே படத்துல வச்சிடு."

அதை வைத்தால், மகளின் படிப்பு நின்றுபோவதாக எழுதியிருந்த படத்தின் முடிவையே மாற்ற வேண்டும். மாற்றப் போகிறேன்.