பச்சைப் பெயிண்டும் பட்டுப் புடவையும்

மாசி 12, ஞாயிறு

சீமைக்குக் கப்பலேறிய துரையிடம் நான் வாங்கிய படகில் என் மனைவி கமலம் இன்றுதான் முதன்முறையாக ஏறினாள். அவளுக்குப் பிடிக்காவிட்டால் படகை விற்றுவிடுவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். இந்த வாய்க்கு ஒரு பூட்டு வாங்கியிருக்கலாம்.

மூன்று மாதமாகப் படகைக் கரையில் ஏற்றி வைத்து, ஞாயிறுதோறும் வெயிலில் சுரண்டி, பச்சைப் பெயிண்ட் அடித்திருந்தேன். எண்ணூர்க் கழியின் நடுவில் போய், "எப்படி?" என்று மீசையைத் தடவினேன். கமலம் காலைத் தூக்கினாள். உள்ளே கணுக்கால் அளவு தண்ணீர். பட்டுப் புடவை வேறு. அவள் டிபன் டப்பாவால் தண்ணீரை இறைக்க, நான் கரையைப் பார்த்துத் துடுப்புப் போட்டேன்.

கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்த முனுசாமிக்கு ஒரே சிரிப்பு.

"இன்னா நைனா, மரம் காஞ்சா பலகை சுருங்கிக்கும்னு அன்னிக்கே சொன்னேனா இல்லியா? ரெண்டு நாளு தண்ணில முழுகடிச்சு வெச்சா ஊறிக்கினு, இடுக்கெல்லாம் தானா மூடிக்கும்."

சொன்னான்தான். பெயிண்ட் கெட்டுப்போகும் என்று நான்தான் கேட்கவில்லை. கடைசியில், அவன் சிரிக்கச் சிரிக்க, கல்லை ஏற்றி என் படகை நானே மூழ்கடித்துவிட்டு வந்தேன்.

கமலம் புடவையைக் கொடியில் போட்டுக்கொண்டே, "எப்போ விக்கிறதா உத்தேசம்?" என்றாள்.

"தண்ணிக்கு அடியில இருக்கிறதை எவன் வாங்குவான்? ரெண்டு நாள் போகட்டும்" என்றேன். அவள் சிரிக்கவில்லை.

பலகை இரண்டு நாளில் வழிக்கு வந்துவிடும். கமலத்துக்கு எத்தனை நாள் பிடிக்கும் என்று முனுசாமியைக் கேட்காமல் வந்துவிட்டேன்.