தெரியாதவள் போல

அன்புள்ள அம்மா,

ஒரே வீட்டில் இருந்துகொண்டு கடிதம் எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. நேரில் சொல்ல எனக்கு நாக்கு எழாது; நீயும் சிரித்தே மழுப்பிவிடுவாய்.

இந்த நாட்டில் தங்க உனக்கு அனுமதி இல்லை என்று தெரிந்தால் என் கல்லூரி இடமும் போய்விடும் என்று பயந்தாய். அதே கல்லூரியைக் கூட்டித் துடைத்தும், அங்கே என்னைத் தெரிந்ததாக ஒருநாளும் நீ காட்டிக்கொண்டதில்லை. வாளியோடு கடந்து போய்விடுவாய்.

வீட்டுக்கு வந்த பிறகுதான், "இன்னைக்கு ஒருத்தி சாப்பிடாமலே படிச்சிட்டிருந்தாடி. பெத்தவ பார்த்தா பதறிப்போவா" என்பாய்.

"அவ அம்மா ரொம்பத் திட்டுவாளோ?" என்று நானும் கேட்பேன். பதிலுக்கு என் தட்டில் இன்னொரு கரண்டி சோறு விழும்.

போன வாரம் உனக்கும் அனுமதி வந்துவிட்டது. ஆனாலும் நேற்று மாடிப்படியில் என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, துடைத்த கைப்பிடியையே மறுபடியும் துடைத்தாய்.

வெள்ளிக்கிழமை பட்டமளிப்பு விழா. நம் குடும்பத்தில் முதல் பட்டம். அன்று லீவு போட்டுவிட்டு முன்வரிசையில் உட்கார். நான் மேடை ஏறும்போது பக்கத்தில் இருப்பவர்கள், "யாரு இந்தப் பொண்ணு?" என்று கேட்கலாம். கேட்காவிட்டாலும் நீயே சொல்லிவிடு, அம்மா.

இப்படிக்கு,
சாப்பிடாமல் படித்த அந்த ஒருத்தி